பிசிர்

ஞாயிற்றுக்கிழமை. பீன்யா இரண்டாம் கட்டம்.
ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
பத்து மீட்டர் அளந்து
தரையில் சாக்பீஸ் கோடு.
அந்தப் பக்கம் மணல் மூட்டைமேல் அட்டை,
இந்தப் பக்கம் நான்,
நான் செய்த துப்பாக்கி.

பேரல் மட்டும் விலைக்கு வாங்கியது.
மற்றதெல்லாம் இதே லேத்தில்
ஷிஃப்ட் முடிந்த இரவுகளில் கடைந்தது.
காற்றழுத்தத்தில் சுடும்.
ஒன்று போனதும் அடுத்த குண்டு
தானாக வந்து நிற்கும்,
ரேஷன் வரிசைபோல.

இருபது சுட்டால்
பதினாறு ஒரு சட்டைப் பொத்தானுக்குள்.
நான்கு மட்டும்
கடிகாரத்தின் ஐந்து மணிப் பக்கம்
ஊர் சுற்றப் போய்விடும்.

முதலில் திருகாணிகளைச் சந்தேகப்பட்டேன்.
டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்னும்வரை முறுக்கினேன்.
பிறகு பேரலை.
எண்ணெய்த் துணியை ஏழு முறை இழுத்தேன்.
ஏழாவதும் வெள்ளையாகவே வந்தது,
அதற்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல.
நகைக்கடைத் தராசு கடன் வாங்கி
குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தேன்.
இருநூறில் பதினொன்றைக் கழித்தேன்.
நான்கும் போயின, அதே பக்கம்.

காபியை நிறுத்தினேன்.
தலைவலி வந்தது.
நான்கும் வந்தன.

தலைக்கு மேலே மெட்ரோ போகிறது,
தூண் அதிர்கிறது, தரை அதிர்கிறது,
அதனால்தான் என்று
மூன்று வாரம் ரயிலைத் திட்டினேன்.
நாகசந்திராவுக்குப் போகும் ரயிலை ஒரு மாதிரி,
திரும்பி வரும் ரயிலை வேறு மாதிரி.

வாரத்தில் ஆறு நாள்
வால்வு கம்பெனியில் தரப் பரிசோதனை எனக்கு.
பையன்கள் வைத்த பெயர் சிவப்பு அக்கா.
ஒரு மயிரிழை கூடினாலும்
சிவப்புச் சீட்டு கட்டிவிடுவேன்.
"மெஷின் ஆடுது அக்கா", "கரண்டு சரியில்ல அக்கா"
எதையும் காதில் வாங்குவதில்லை.

பக்கத்து ஸ்பிரிங் கடை மக்பூல்
தன் வெர்னியரைத் திருப்பி வாங்க வந்தவன்
டீயோடு உட்கார்ந்துவிட்டான்.
அட்டைப் பக்கம் வைத்திருந்த போன்
படம் பிடித்துக்கொண்டிருந்தது.
நான் எப்போதும் கடைசியில் அட்டையைத்தான் பார்ப்பேன்.
அவன் படத்தை ஓடவிட்டுப் பார்த்தான்,
கிரிக்கெட் ரீப்ளே பார்க்கிறவன் மாதிரி.

"ஐந்து. பத்து. பதினைந்து. இருபது.
என்ன அக்கா, பஸ் நம்பரா?"

கையிலிருந்த டீ ஆறிப்போனது.

மேகசினில் ஐந்து அறை.
முதல் அறையில் தொடங்குவதே என் வழக்கம்.
இந்த முறை மூன்றாவதில் தொடங்கினேன்.
மூன்றாவது குண்டு விலகியது.
நான்காவதில் தொடங்கினேன்.
இரண்டாவது விலகியது.

ஐந்தாம் அறையின் வாயில்
நகத்தை வைத்து ஓட்டினேன்.
கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரிந்தது:
ஒரு பிசிர்.
கடந்துபோகும் ஒவ்வொரு குண்டின் பாவாடையையும்
ஓரத்தில் கொஞ்சம் கிழித்து அனுப்பியிருக்கிறது.

எந்த இரவு என்றும் ஞாபகம் வந்தது.
நான்கு அறைக்குப் பிசிர் எடுத்துவிட்டு
கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது என்று
ஐந்தாவதை நாளைக்கு வைத்தேன்.
நாளைக்கு மறந்தேன்.

அன்றைக்கே தேய்த்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை.
பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தேன்.
பொருள்: மேகசின்.
குறை: பிசிர், ஐந்தாம் அறை.
செய்தவர்: தேவகிருபை.
சோதித்தவர்: தேவகிருபை.
காரணம் என்ற கட்டத்தில்
'மெஷின்' என்று எழுதக் கை போனது.
மக்பூல் பார்த்துக்கொண்டிருந்தான்.
'பஸ்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'நான்' என்று எழுதினேன்.

பிறகு எண்ணெய்க்கல், பிறகு துணி,
பிறகு ஐந்து குண்டு.

மேலே ரயில் போனது.
தூண் அதிர்ந்தது, தரை அதிர்ந்தது,
அட்டையும் லேசாக ஆடியது,
நடுவில் ஒரே ஒரு துளையோடு.

மக்பூல் வெர்னியரை மறந்துவிட்டுப் போனான்.